மஞ்சா பூசுன பலகை

எங்க பக்கத்துல தண்ணிக்கு அடிச்சிக்காதவன் எவன் இருந்தான்? ஏரி வாய்க்கால்ல உன் மொறையா என் மொறையான்னு மம்முட்டிய தூக்கிக்கினு நின்ன ஆளுங்க நாங்க. அப்டியாப்பட்ட ஊர்ல பொறந்துட்டு, நான் மூணு மாசம் தண்ணிய மொண்டு மொண்டு வெளிய கொட்ற வேலை பாத்தேன். கொட்டியும் அது கொறையல. இப்ப நெனச்சாலும் வவுறு எரியுது.

திருவள்ளூருக்கு மேக்கால ரெண்டு கல்லு நடந்தா ஒரு வெள்ளைக்களி பள்ளம் இருந்துச்சி. வெள்ளக்காரன் போயி அஞ்சாறு வருசம் ஆயிருக்கும் அப்ப. மேல செம்மண்ணு, அத்த ஒரு ஆள் ஒயரம் வெட்டிப் போட்டா கீழ வெள்ளை வெளேர்னு களி. பீங்கான் கோப்பை செய்யறவங்க, பட்டணத்துல இருந்து லாரி வெச்சி எடுத்துக்கினு போவாங்க. வெட்ன களிய அப்டியே குடுக்க முடியாது. தொட்டில போட்டு தண்ணி வுட்டு மிதிப்பாங்க. பாலு மாரி ஆவும். அந்தப் பால வாய்க்கால்ல வுட்டா மணலு வழியிலயே தங்கிடும், பாலு ஒண்டி அடுத்த தொட்டிக்குப் போயி அடில உக்காரும். அதான் சரக்கு. மீந்த மணலு, ஒதவாத சேறு, கழுவுன தண்ணி, இது எல்லாத்தையும் ஒரு குட்டையில வுட்டுடுவாங்க. சேத்துக்குட்டைன்னு சொல்லுவோம். குட்டைன்னா சின்னதுன்னு நெனச்சிடாதீங்க. இந்தக் கரைல இருந்து கூப்ட்டா அந்தக் கரைல இருக்கறவனுக்குக் காது கேக்காது. அதுக்குக் கரையும் வேற மண்ணு கொண்டாந்து போடல. அந்தக் கழிவு மணலையே குமிச்சி கரைன்னு சொல்லிட்டாங்க.

களி மிதிக்கிறவங்களுக்கு முட்டி வரைக்கும் காலு வெள்ளையாவே இருக்கும். எவ்ளோ தேச்சாலும் வெடிப்புல பூந்துக்கினு போவாது. சந்தைக்குப் போனா டீக்கடைக்காரரு, "இன்னாப்பா, சுண்ணாம்பு அடிச்சது செவுத்துக்கா இல்ல உனுக்கா?"ன்னுவாரு. நான் மிதிக்கிற ஆளு இல்ல. நான் ஏத்தக்காரன். எங்கப்பாவும் ஏத்தக்காரரு. பூண்டி ஏரி கட்டும்போது கல்லு சுமக்கப் போயி, அங்க மொழங்கால் போயி, அப்பால ஏத்தத்துல ஏற முடியாம, கீழ நின்னு தண்ணி மொள்ற சாலு புடிக்க ஆரம்பிச்சாரு. அவரு கிட்ட இருந்துதான் எனுக்கும் சாலு புடிக்கிற வேலை. அது கெடக்கட்டும்.

எங்க அக்கா கதைய சொல்லிடறேன், அது இல்லாம இது வெளங்காது. அக்காவுக்குப் புருசன் இல்ல. ரெண்டு பொட்டப் பசங்க. குட்டை கரைக்கு நேர் கீழ, ஈசானி மூலையில, அரைக் காணி கழனிய, வெளச்சல்ல பங்கு குடுக்கறதா வாரத்துக்கு எடுத்துப் பயிரு வெச்சிக்கினு இருந்தா. அந்த வருசத்துக்கு முந்தின வருசம் வெளச்சல் சரியில்ல. கழனிக்காரரு வரப்புல நின்னு சொல்லிட்டாரு: "இந்த போகமும் இப்டின்னா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்மா. அப்பால என்னைய திட்டாத." அக்கா சம்பா நட்டா. புரட்டாசில நட்டு, எழுந்து நல்லா பச்சை கட்டி நின்னுச்சி. அந்தப் பயிருல அந்தக் களித்தண்ணி ஏறிச்சின்னா முடிஞ்சிச்சி. சேறு காஞ்சி ஓடு மாரி புடிச்சிக்கும், வேரு மூச்சு வுட முடியாது. அக்கா கழனிக்குப் பக்கத்துலயே எங்க ஊடுங்க, பன்னெண்டு ஊடு.

ஆடி மாசமே குட்டை முக்காவாசி ரொம்பிடுச்சி. கெணத்துல ஆயில் இஞ்சின் வெச்சி நாள் பூரா தண்ணி எடுத்துக் களி கழுவறாங்க, அத்தனையும் வந்து இங்க விழுது. மழக்காலத்துக்கு முன்ன தண்ணிய கொறைக்கணும்னு மானேஜருக்கும் தெரியும். அவரு டவுன்ல இருந்து சைக்கிள்ல வர்றவரு. கெட்ட மனுசன் இல்ல, ஆனா கரைல எறங்கி நடக்க மாட்டாரு, செருப்பு வழுக்கும்னு.

தண்ணிய வெளிய வுட கரைல ஒரு வழி வெச்சிருந்தாங்க. ரெண்டு பக்கமும் செங்கல் சொவுரு, நடுவுல சந்து. அந்தச் சந்துல பலகைங்கள ஒண்ணு மேல ஒண்ணா சொருவி அடைச்சிருப்பாங்க. மேல் பலகை ஒண்ண உருவுனா, மேலாப்புல தெளிஞ்சி நிக்கிற தண்ணி ஒண்டி வழிஞ்சி, ஓடை வழியா அக்கா கழனி ஓரமா போயி ஏரி வாய்க்கால்ல சேரும். சேறு அடிலயே தங்கிடும். நல்ல ஏற்பாடு. ஆனா போன வருசம் யாரோ அவசரத்துல நாலு பலகைய ஒண்ணா உருவிட்டு, ஏரி வாய்க்கால் வெள்ளையா போயி ஊரே சண்டைக்கு வந்துடுச்சி. அதுல இருந்து மானேஜரு பலகையத் தொடக் கூடாதுன்னுட்டாரு. பக்கத்து மேட்டுல களி வெட்டி முடிச்ச பழைய பள்ளம் ஒண்ணு சும்மா கெடந்துச்சி. "ஏத்தம் போட்டு அதுல எறைங்கடா"ன்னாரு.

எறைச்சோம். என் கூட ஏத்த மரத்து மேல நடக்கறவரு ஆரம்பாக்கத்துக்காரரு, வடவண்டை ஆளு. எனக்கு மாமா வயசு, ஆனா அவரு என்னைய நைனான்னு கூப்புடுவாரு. தெலுங்குல எண்ணிக்கினே மேலயும் கீழயும் நடப்பாரு. நூறு தாண்டுனா எண்ணிக்கை மறந்து போயி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. காலைல கேவுரு கூழு, ஒரு வெங்காயம். பொழுது சாயறவரைக்கும் எறைப்பு. தோளு ரெண்டும் கழண்டு வுழற மாரி இருக்கும்.

நான் ஒரு சவுக்குக் குச்சிய குட்டையில நட்டு, தண்ணி மட்டத்துல கயிறு கட்டி வெச்சிருந்தேன். சாயங்காலம் பாத்தா நாலு வெரக்கடை எறங்கியிருக்கும். காலைல வந்து பாத்தா தண்ணி திரும்ப கயித்துக்கே வந்திருக்கும். மொத வாரம் மழைன்னு நெனச்சோம். மழையே இல்ல. ரெண்டாவது வாரம் இஞ்சின்காரன் ராத்திரி ஷிஃப்ட்டு போடறான்னு நெனச்சோம். அவன் சாமி மேல சத்தியம் பண்ணான். மானேஜரு கிட்ட சொன்னா, "பனி பேஞ்சிருக்கும்டா"ங்கறாரு. ஆவணில இன்னா பனி?

ஒரு ஞாயித்துக்கெழம, லீவு, அக்கா கழனிக்குப் போனவன் அப்டியே பழைய பள்ளத்த எட்டிப் பாத்தேன். ஒரு மாசம் எறைச்ச தண்ணி. பள்ளம் ரொம்பியிருக்க வேணாமா? கணுக்காலு தண்ணி கூட இல்ல. பள்ளத்துக்கும் குட்டைக்கும் நடுவுல இருக்கறது அந்தக் கழிவு மணலுதான, அதுல பூந்து அடியால குட்டைக்கே திரும்பிக்கினு இருந்திருக்குது. மறுநாளு ஆரம்பாக்கத்துக்காரர இட்டாந்து காட்னேன். அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு தலையில கைய வெச்சிக்கினு சிரிச்சாரு.

"நைனா, நாம எறைச்சது தண்ணி இல்ல, தேரு. ஊர சுத்திட்டு நெலைக்கு வந்து நிக்கிது பாரு."

எனுக்கு சிரிப்பு வர்ல.

மானேஜரு கிட்டப் போனேன். "சார், பள்ளத்துல கொட்றது வேஸ்ட்டு. வேற ஒண்ணு பண்லாம். மேலாப்புல தண்ணி தெளிஞ்சி கண்ணாடி மாரி கீது. கெணத்து இஞ்சின நிறுத்திட்டு, அந்தத் தண்ணியவே களி கழுவ எடுத்துக்கலாம். புதுசா தண்ணி வர்லன்னா குட்டை தானா எறங்கும்."

அவரு கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு. "ஏண்டா, கழுவுன தண்ணியிலயே திரும்ப கழுவுறதா? உன் வேட்டிய அப்டித்தான் தோய்ப்பியா?"

"ஆமா சார். எங்க ஊட்ல ஒரு கொடம் தண்ணில நாலு வேட்டி தோய்ப்போம்."

பக்கத்துல நின்ன லாரிக்காரன் கொல்லுன்னு சிரிச்சிட்டான். மானேஜருக்கு மூஞ்சி செவந்து போச்சி. "சரக்கு வெள்ளை கொறைஞ்சா பட்டணத்துக்காரன் திருப்பி அனுப்பிடுவான், அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா? போய் வேலையப் பாரு." லாரிக்காரன் சிரிக்காம இருந்திருந்தா ஒத்துக்கினு இருப்பாரோ இன்னமோ. அன்னைக்கு வாய அடக்கியிருக்கணும் நானு.

அப்பால திரும்பவும் எறைச்சோம். தெரிஞ்சே எறைச்சோம். கூலி வேணுமே. அந்த ஒரு மாசம் மாரி பேஜாரான மாசம் என் ஆயுசுல இல்ல. ஒவ்வொரு சாலும் மொள்ளும்போது தெரியும், இது நாளைக்குக் காலைல இங்கதான் இருக்கும்னு.

ஐப்பசி பொறந்துச்சி. நாலு நாளு தூறலு. குட்டைத் தண்ணி பலகை விளிம்புக்கு அரை மொழம் கீழ வந்துடுச்சி. அப்பதான் மானேஜருக்கு பயம் புடிச்சிச்சி. ஒரு சனிக்கெழம சாயங்காலம் என்னைய கூப்ட்டு, "மேல் பலகைய ஒண்ணொண்ணா எடுங்கடா. தெளிஞ்ச தண்ணி ஒண்டி போவணும். நீர்க்கட்டி கிட்ட சொல்லி செய்யி"ன்னாரு. எனுக்கு வந்த சந்தோசத்துல அக்கா ஊட்டுக்கு ஓடிப் போயி சொன்னேன். "போடா, சொல்லிக்கினே இருக்க, முடிச்சிட்டு வந்து சொல்லு"ன்னா.

நீர்க்கட்டின்னா ஏரித் தண்ணிய பாத்துக்கறவரு. மதகு தொறக்கறது, மூடறது, எந்தக் கழனிக்கு எவ்ளோ வுடறது, எல்லாம் அவரு கை. எங்க ஊரு நீர்க்கட்டி எனுக்கு பெரீப்பா மொறை. முப்பது வருசம் ஏரி பாத்தவரு, அவரு பாத்த காலத்துல ஒருக்கா கூட கரை ஒடைஞ்சதில்ல. அதுக்காவத்தான் மானேஜரு அவர குட்டை கரைக்கும் காவலுக்கு வெச்சிருந்தாரு. ஆனா ஏரி பாத்த மனுசனுக்கு தண்ணி ஏறுனா சந்தோசம். எறங்குனா சோறு எறங்காது. முப்பது வருசப் பழக்கம், அத்த எங்க போயி கழட்டி வெப்பாரு?

ஞாயித்துக்கெழம காலைல கடப்பாரையும் கயிறும் எடுத்துக்கினு நானும் ஆரம்பாக்கத்துக்காரரும் போனா, மேல் பலகை முழுக்க மஞ்சா. நடுவுல குங்குமம். சாமந்திப்பூ மாலை. கீழ ஒடச்ச தேங்கா, கரைஞ்ச சூடம். பெரீப்பா வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு பக்கத்துல நின்னுக்கினு இருக்காரு. மொகத்துல அப்டி ஒரு பூரிப்பு.

எங்க ஊருப் பழக்கம் அது. ஏரி ரொம்பி கலங்கல் வழியப் போற நேரத்துல, தண்ணி தாண்டற அந்தக் கல்லுக்கு மஞ்சா பூசி பூசை போடுவாங்க. பூசை போட்ட கல்லுல அப்பால யாரும் கை வெக்க மாட்டாங்க. தண்ணி தானா தாண்டி, தானா வடிஞ்சி நிக்கிற வரைக்கும் அது அம்மா இருக்கற எடம். கொழந்தைங்க கூட காலு வெக்காது. அத்த இவரு கொண்டாந்து சேத்துக்குட்டையில போட்டுட்டாரு.

"பெரீப்பா, இன்னா வேலை பண்ணிட்ட? மானேஜரு பலகைய உருவ சொல்லிட்டாரு."

"உருவறதா? நேத்து நடுப்பகல்தான் பூசை போட்டேன். ரொம்பி வருது பாரு, இன்னும் அரை மொழந்தான் பாக்கி."

"ரொம்பக் கூடாதுன்னுதான மூணு மாசமா எறைக்கிறோம்! இது ஏரி இல்ல பெரீப்பா. இதுல ஒரு செடிக்கு ஒதவாது."

"தண்ணில ஏரி தண்ணி, குட்டை தண்ணின்னு இருக்குதா? எல்லாம் அவதான். கரை தாங்கும். நான் பாக்கறேன் இல்ல?"

"மணல் கரை பெரீப்பா."

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்ன நான் கரைல படுத்துத் தூங்குனவன்."

ஆரம்பாக்கத்துக்காரரு என் காதுல, "நைனா, நான் தொட மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது"ன்னு ரெண்டடி பின்னால போயிட்டாரு. சரி, நானே எடுக்கறேன்னு பலகை கிட்டப் போனேன். கை நீட்டிட்டேன். மஞ்சா ஈரம் வெரல்ல பட்டுச்சி. அதோட கைய எடுத்துக்கினேன். அப்டி ஒண்ணும் பெரிய பக்திமான் இல்ல நானு.

அப்பால உக்காந்து பெரீப்பா கிட்ட கெஞ்சுனேன். அக்கா பயிர சொன்னேன், கழனிக்காரரு சொன்னத சொன்னேன், பன்னெண்டு ஊட்ட சொன்னேன். அவரு எளகிட்டாரு. கல்லு மனசு இல்ல அவருக்கு. "சரிடா. அவ கிட்ட கேட்டுக்கினு நானே என் கையால எடுக்கறேன். ஆனா பூசை போட்டு மூணு நாளாவது இருக்கணும். செவ்வாக்கெழம தொடக் கூடாது. பொதன் காலைல எடுத்துடலாம்."

பொதன்கெழம. திங்களு, செவ்வா, ரெண்டு நாளுதான. நான் ஒத்துக்கினேன். மானேஜரு கேட்டதுக்கு, "பலகை ஊறிப் போச்சி சார், பொதன்கெழம எடுத்துடுவோம்"னு சொன்னேன். பொய்யாதான் சொன்னேன். அது நெசமாவே ஊறிப் போயிருக்கும்னு எனுக்குத் தோணல பாருங்க.

செவ்வாக்கெழம காலைல பத்து மணிக்கு வானம் இருட்டிக்கினு வந்துச்சி. காக்களூர் பக்கத்துல இருந்து மழ எறங்கி நடந்து வர்றது கண்ணுக்கே தெரிஞ்சிச்சி, வெள்ளையா. ஒரு மணி நேரம் கொட்டுச்சி. குட்டைத் தண்ணி பலகைய தாண்டி வழிய ஆரம்பிச்சிடுச்சி, மாலை அடிச்சிக்கினு போயிடுச்சி. அது போதல. நான் கரை மேல ஓடுனா, ஈசானி மூலையில காலு மெத்தை மேல வெச்ச மாரி உள்ள அமுங்குது. கரை அடிவாரத்துல வெரல் தடிமன்ல வெள்ளைத் தண்ணி பீச்சிக்கினு நிக்கிது. நான் பாக்கும்போதே அது மணிக்கட்டு தடிமன் ஆச்சி.

பெரீப்பா ஓடி வந்தவரு அத்தப் பாத்தாரு. ஏரிக்காரருக்கு அது இன்னான்னு நான் சொல்லணுமா? மொகம் செத்துப் போச்சி. நேரா பலகை கிட்டப் போயி, "தாயே, மன்னிச்சிக்க"ன்னு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சி இழுத்தாரு. அசையல. நானும் சேந்து இழுத்தேன். ஆரம்பாக்கத்துக்காரரும் வந்தாரு. மூணு பேரு இழுத்தும் அசையல. பலகை தண்ணில ஊறி வீங்கி, சொருவுன எடத்துல களி பூந்து பூசுன மாரி கெட்டியா இருந்துச்சி. நெகம் பேந்ததுதான் மிச்சம்.

மேல் பலகைய ஒடைச்சி அது வடியறதுக்குள்ள கரை போயிடும். இனிமே ஒரே வழிதான். வெளிப்பக்கமா எறங்கி அடிப் பலகைய ஒடைக்கணும். ஒடைச்சா மேல இருக்கற அத்தனையும் ஒண்ணா சரியும், தெளிஞ்ச தண்ணி இல்ல, சேறும் சேந்து வரும். ஓடை அத்தனைய தாங்காது. எங்க ஏறும்னு மூணு பேருக்கும் தெரியும்.

பெரீப்பா மழைல நின்னுக்கினு சொன்னாரு. "கீழ உன் அக்கா கழனிடா."

"தெரியும் பெரீப்பா."

"வேற மூலையில மண்ணு வெட்டி வுட்லாமா?"

"எந்தப் பக்கம் வுடுவ? இந்தாண்ட ஊடுங்க கீது, அந்தாண்ட மேடு கீது, தண்ணி ஏறாது. கரை போச்சின்னா ஊடு, கழனி எல்லாம் போச்சி."

அவரு கடப்பாரைய என் கையில குடுத்துட்டு ஊடுங்க பக்கம் ஓடுனாரு, ஜனங்கள கெளப்பி மேட்டுக்கு இட்டுக்கினு போவ. நான் எறங்கி அடிப் பலகை மூலையில குத்துனேன். எட்டு குத்தோ ஒம்பது குத்தோ. விரிசல் வுட்டுச்சி. ஆரம்பாக்கத்துக்காரரு என் இடுப்புல கயிறு கட்டி மேல நின்னு புடிச்சிக்கினு இருந்தாரு, இல்லன்னா நானும் அதோட போயிருப்பேன். பலகை பொளந்து அது வந்த சத்தம் இருக்குதே, எரும மாட்டு மந்தை ஓடுற மாரி. வெள்ளையா, கெட்டியா, மோரு கொட்டுன மாரி. ஓடைய ஒரு நிமிசத்துல ரொப்பிட்டு வரப்ப தாண்டிச்சி.

கரை நின்னுச்சி. ஈசானி மூலை ஊத்து அரை மணில அடங்கிடுச்சி. ஊடுங்களுக்கு ஒண்ணும் ஆவல. மானேஜரு கொடையோட வந்து பாத்துட்டு, "நல்ல வேளைடா, சமயோசிதமா பண்ண"ன்னு என் தோளத் தட்னாரு. எனுக்கு அந்தக் கைய தள்ளி வுடணும் போல இருந்துச்சி.

அக்கா கழனியில நின்னுக்கினு இருந்தா. தண்ணி வடிஞ்சி போச்சி, சேறு தங்கிடுச்சி. பயிரு நுனி ஒண்டி வெள்ளை பூசிக்கினு வெளிய தெரிஞ்சிச்சி. நான் வரப்புல போயி நின்னேன்.

"எந்தப் பலகைய ஒடைச்ச?"

"அடிப் பலகை."

"மேல் பலகைய எடுத்திருந்தா?"

"தெளிஞ்ச தண்ணி போயிருக்கும்."

"மானேஜரு சனிக்கெழமயே எடுக்க சொன்னாருன்னு நீதான வந்து சொன்ன?"

"ஆமா."

"ஞாயித்துக்கெழம இன்னா பண்ண?"

"மஞ்சா பூசியிருந்துச்சிக்கா."

அவ என்னைய திட்டியிருந்தா தேவல. கொஞ்ச நேரம் என் கையவே பாத்தா. அப்பால குனிஞ்சி சேத்த வழிக்க ஆரம்பிச்சிட்டா. நானும் எறங்குனேன். பெரீப்பாவும் வந்தாரு, கேக்காமலே. மூணு நாளு, அக்காவோட பெரிய பொண்ணையும் சேத்து நாலு பேரு, கொடத்துல வாய்க்கால் தண்ணி மொண்டு ஊத்தி ஊத்தி பயிரக் கழுவுனோம். கழுவுன பயிரு கொஞ்ச நாளு பச்சையா நின்னுச்சி. அப்பறம் வேர் பக்கம் ஓடு புடிச்சி, மஞ்சளாப் போயி, பாதிக்கு மேல சாஞ்சிடுச்சி. தை மாசம் அறுத்தது மாட்டுக்குத்தான் ஆச்சி.

கழனிக்காரரு வந்தாரு. கழனில எறங்கல. வரப்புல நின்னு பாத்தாரு. அவரும் கோவமா பேசல. "மண்ணே போச்சேம்மா. இத்த சரி பண்ணவே எனுக்கு ரெண்டு வருசம் ஆவும். நான் வேற ஆள வெச்சிப் பாத்துக்கறேன்"ன்னாரு. பெரீப்பா அவரு கால்ல வுழப் போனாரு. அக்கா புடிச்சி நிறுத்திட்டா.

மாசி மாசம் கரைய இன்னும் ரெண்டு மொழம் ஒசத்த ஆளு எடுத்தாங்க. எங்க அக்காவும் கூடை தூக்க வந்தா, பெரிய பொண்ணையும் கூட இட்டாந்தா. நான் கரை மேல நின்னு மண்ண தட்டிக்கினு இருந்தேன். மொத நாளு, மொத கூடை. எங்கிட்ட குடுப்பான்னு நான் கைய நீட்னேன். அக்கா கூடைய எறக்கல.

"தள்ளுடா"ன்னா. "வழில நிக்காத."